திரைக்குத் திரை மாறும் எழுத்து: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கணினிக் கேள்விகளில் பல ஒரே சிக்கலைச் சுற்றியவை. மென்பொருளை எழுதிய கணினியில் வடிவாக நின்ற எழுத்து, பாவிப்பவரின் கணினியில் வேறு மாதிரி வருகிறது. அவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

பதில்களுக்குப் போக முன் ஒரு விடயம். எழுத்து மாறித் தெரிவதற்கு மூன்று காரணங்கள் உண்டு. நீங்கள் சொன்ன எழுத்துரு அந்தக் கணினியில் இல்லாமல் வேறொன்று வந்து நிற்கலாம். எழுத்துரு அதுவேதான், ஆனால் வேறு அளவில் வரலாம். எழுத்துருவும் அளவும் சரியாக இருந்தும், அந்தத் திரையும் இயங்குதளமும் அதை வேறு விதமாகத் தீட்டலாம். முதல் இரண்டும் மென்பொருள் எழுதுபவரின் கையில் உள்ளவை. மூன்றாவதில் உங்களுக்கு அதிகாரம் குறைவு. எந்தக் காரணம் என்று பிரித்துப் பார்க்காமல் எழுத்தளவைக் கூட்டிக் குறைத்தால், ஒரு கணினி சரிவரும்போது இன்னொன்று குழம்பும்.

கேள்வி (கோப்பாய்): சீ ஷார்ப் நிரல்மொழியில், மென்பொருளின் சாளரங்களை (ஃபோம்) அமைக்கும் விண்டோஸ் ஃபோம்ஸில் ஒரு சங்கத்துக்குக் கணக்கு மென்பொருள் எழுதுகிறோம். எங்கள் மொனிற்றரில் எல்லாம் சரி. சங்கத்தின் புது லப்டொப்பில் பொத்தான்களின் எழுத்துப் பாதி வெட்டுப்படுகிறது. கீழே உள்ள ‘சேமி’ பொத்தான் தெரியவே இல்லை. இன்னொரு லப்டொப்பைப் பெரிய மொனிற்றரோடு இணைத்து வைத்திருக்கிறார்கள். மொனிற்றரில் சரியாகத் தெரியும் ஃபோம், லப்டொப் திரைக்கு இழுத்தால் புகார் மூடிய மாதிரி மங்குகிறது. எழுத்தை 9இலிருந்து 8 ஆக்கியும் பார்த்தோம்.

பதில்: எழுத்தைத் திரும்ப 9க்கே கொண்டு வாருங்கள். பிழை அங்கே இல்லை.

எழுத்தின் அளவு பொயின்றில் உள்ளது. ஓர் அங்குலத்துக்கு 72 பொயின்ற். ஆனால் ஃபோமின் அகலம், பொத்தானின் உயரம், அவை இருக்கும் இடம் எல்லாம் பிக்சலில் எழுதப்பட்டவை. ஸ்கேலிங் (திரையில் எல்லாவற்றையும் எத்தனை வீதம் பெருப்பித்துக் காட்டுவது என்ற விண்டோஸ் அமைப்பு) 100 வீதத்தில் இருக்கும்போது விண்டோஸ் ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல் என்று கணக்குப் போடுகிறது. 125 வீதம் என்றால் 120 பிக்சல், 150 வீதம் என்றால் 144. ஆகவே உங்கள் 9 பொயின்ற் எழுத்து முறையே 12, 15, 18 பிக்சல் ஆகிறது. வழமையான பொத்தானின் உயரம் 23 பிக்சல். அது அப்படியே நிற்க எழுத்து மட்டும் 18 பிக்சலுக்குப் போனால், அதன் வரி உயரமே 24க்குக் கிட்ட வந்துவிடும். வெட்டுப்படாமல் என்ன செய்யும்? 15.6 அங்குலத்தில் 1920×1080 புள்ளிகள் கொண்ட லப்டொப் திரையில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 141 பிக்சல் இருக்கிறது. அதில் 100 வீதம் வைத்தால் எழுத்து வாசிக்கக் கடினம். அதனால் இப்படியான லப்டொப்புகள் பெரும்பாலும் 125 அல்லது 150 வீதத்திலேயே வருகின்றன.

வெட்டுப்படுவதும் மங்குவதும் இரண்டு வேறு நோய்கள். வெட்டுப்பட்டால், உங்கள் மென்பொருள் ஸ்கேலிங்கை அறிந்திருக்கிறது, ஆனால் ஃபோமைச் சரியாகப் பெருப்பிக்கவில்லை என்று பொருள். மங்கினால், விண்டோஸ் உங்கள் ஃபோமை ஒரு படமாக எடுத்து இழுத்துப் பெருப்பிக்கிறது என்று பொருள். மென்பொருள் முதன்மைத் திரையின் ஸ்கேலிங்கை மட்டும் அறியும்படி இருந்தால், வேறு ஸ்கேலிங் உள்ள இரண்டாவது திரைக்கு இழுத்ததும் இதுதான் நடக்கும்.

வெட்டுப்படுவதை முதலில் பார்ப்போம். ஃபோமின் டிசைனர் கோப்பைத் திறந்து ‘ஓட்டோஸ்கேல்டைமென்ஷன்ஸ்’ என்ற வரியைத் தேடுங்கள். மைக்ரோசொஃப்ட் சான்ஸ் செரிஃப் 8.25 எழுத்தில், 100 வீதத் திரையில் செய்த ஃபோமில் அது 6, 13 என்று இருக்கும். செகோ யூஐ 9 என்றால் 7, 15. ஒரு ஃபோமில் 6, 13 என்றும் இன்னொன்றில் 8, 16 என்றும் கண்டால், இரண்டாவதை யாரோ 125 வீதத் திரையில் திறந்து சேமித்திருக்கிறார்கள். குழுவாக வேலை செய்யும் இடங்களில் அடிக்கடி நடப்பது இதுதான். ஆளுக்கொரு ஸ்கேலிங்கில் ஒரே ஃபோமைத் திறந்து சேமிக்க, இடமும் அளவும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ‘கிட்’ (Git) கருவியில் பார்த்தால், ஒரு பொத்தானைத் தொட்டதற்கு நூறு வரி மாறியிருக்கும். விசுவல் ஸ்டூடியோ இதற்காகத்தான் மேலே மஞ்சள் பட்டையில் ‘100 வீதத்தில் மீளத் திறக்கவா’ என்று கேட்கிறது. பலர் அதை மூடிவிட்டுப் போகிறார்கள். மூடாதீர்கள், ஓம் என்று சொல்லுங்கள். டிசைனரை யார் திறந்தாலும் 100 வீதத்தில்தான் என்பதைக் குழுவின் கட்டாய விதியாக்குங்கள்.

அடுத்து, ‘ஓட்டோஸ்கேல்மோட்’ எல்லா ஃபோமிலும் எல்லா யூசர் கொன்ட்ரோலிலும் (ஃபோமுக்குள் வைக்க நீங்களே செய்த பகுதிகள்) ஒன்றாக இருக்க வேண்டும். அது ‘ஃபொன்ட்’ ஆகவும் இருக்கலாம், ‘டிபிஐ’ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) ஆகவும் இருக்கலாம். ‘நன்’ மட்டும் கூடாது. தாய் ஃபோமில் ஒன்று, உள்ளே வைத்த கொன்ட்ரோலில் இன்னொன்று என்றால் உள்ளே உள்ளது இரண்டு தரம் பெருக்கப்படும் அல்லது பெருக்கப்படாமலே விடப்படும். எழுத்துருவை ஃபோமில் ஒரே இடத்தில் வையுங்கள். பொத்தான், லேபல் ஒவ்வொன்றிலும் தனித்தனியே வைத்தால் அவை தாயின் எழுத்துருவைப் பெறாது, பிறகு மாற்றுவதும் வில்லங்கம்.

பொத்தான்களை ‘ஓட்டோசைஸ்’ ஆக்கி, சிறுக்காமல் இருக்க ஒரு குறைந்தபட்ச அளவும் கொடுங்கள். லேபலும் உள்ளீட்டுப் பெட்டியும் அருகருகே வரும் இடத்தில் ரேபிள் லேஅவுட் பனலைப் பாவியுங்கள். கையால் இழுத்து வரிசைப்படுத்திய ஃபோம் 100 வீதத்தில் மட்டுமே நேராக நிற்கும். எழுத்தின் அகலம் ஸ்கேலிங்கோடு சரிசமமாகப் பெருகாததே இதற்குக் காரணம். விண்டோஸின் பழைய ஜீடிஐ முறை ஒவ்வொரு எழுத்தையும் முழுப் பிக்சலுக்கு ஒட்டவைக்கும். 100 வீதத்தில் 80 பிக்சல் பிடித்த சொல் 125 வீதத்தில் சரியாக 100 பிடிக்கும் என்று நம்ப முடியாது.

‘சேமி’ பொத்தான் காணாமல் போவதற்கு வேறு கணக்கு. 1920×1080 திரையை 150 வீதத்தில் வைத்தால் உங்கள் ஃபோமுக்குக் கிடைக்கும் இடம் 1280×720தான். பழைய 1366×768 திரையை யாராவது 125 வீதத்தில் வைத்திருந்தால் உயரம் 614, அதிலும் ரஸ்க்பாருக்கு 40 போய்விடும். ஆகவே 100 வீதத்தில் ஃபோமின் உயரம் 560 பிக்சலைத் தாண்டாமல் பாருங்கள். தாண்டத்தான் வேண்டுமென்றால் நடுப்பகுதியை ‘ஓட்டோஸ்குரோல்’ உள்ள பனலில் போட்டு, பொத்தான் வரிசையைக் கீழ் விளிம்போடு ‘டொக்’ செய்துவிடுங்கள்.

இனி மங்கல். இதைப் போக்க மென்பொருள் ஒவ்வொரு திரையையும் தனித்தனியே அறிய வேண்டும். அதற்கான ‘பெர்மொனிற்றர் வீ2’ முறை 2017இல், விண்டோஸ் 10இன் 1703 பதிப்போடு வந்தது. டொட்நெட் 6உம் அதற்குப் பின்னும் என்றால் புரொஜெக்ட் கோப்பில் ‘அப்ளிகேஷன்ஹைடிபிஐமோட்’ என்ற ஒரே அமைப்பு போதும். டொட்நெட் ஃபிரேம்வேர்க் என்றால் 4.7 அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். அங்கே அப் கொன்ஃபிக் கோப்பில் இதைச் சொல்வதோடு, மென்பொருளின் விபரக் கோப்பான மனிஃபெஸ்டில் விண்டோஸ் 10ஐ ஆதரிப்பதாகவும் குறிக்க வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டாலும் வேலை செய்யாது. எங்கள் கருத்தைக் கேட்டால், பாவிப்பவர்கள் ஒரே திரையில் வேலை செய்பவர்கள் என்றால் முதன்மைத் திரையை மட்டும் அறியும் ‘சிஸ்டம் அவெயார்’ முறையே பாதுகாப்பு. விண்டோஸ் ஃபோம்ஸில் வீ2 முறை முழுமையானதல்ல. வெளியார் செய்த கிரிட், சார்ட் கொன்ட்ரோல்கள் திரை மாறும்போது அரைகுறையாகப் பெருக்கும். இரண்டு திரைக்காரருக்கு இரண்டு திரையையும் ஒரே ஸ்கேலிங்கில் வைக்கச் சொல்வது சில வேளை ஒரு கிழமை வேலையை மிச்சப்படுத்தும்.

மூல நிரலே கையில் இல்லாத பழைய மென்பொருள் மங்கினால், அதன் எக்ஸி கோப்பில் வலப்பொத்தானை அழுத்தி, புரொப்பட்டீஸ், கொம்பாட்டிபிலிற்றி, ‘ஹை டிபிஐ செற்றிங்ஸ்’ என்று போய், கடைசிப் பெட்டியில் ‘சிஸ்டம் என்ஹான்ஸ்ட்’ என்பதைத் தெரியுங்கள். வீபீ6இல் (விசுவல் பேசிக் 6) எழுதியவை உட்படப் பல பழைய மென்பொருள்களின் எழுத்து இதனால் தெளியும். படங்கள் தெளியாது.

கேள்வி (சாவகச்சேரி): எங்கள் மென்பொருளில் லதா எழுத்துருவைப் போட்டிருக்கிறோம். சில கணினிகளில் அதே லதா வருகிறது, சிலவற்றில் வேறு எழுத்து. ‘ழு’, ‘ளூ’ போன்றவற்றின் அடிப்பகுதி வெட்டுப்படுகிறது. பழைய பதிவுகள் சில பாமினியில் உள்ளன. அவை சில கணினிகளில் வெறும் ஆங்கில எழுத்தாகத் தெரிகின்றன.

பதில்: இதில் இரண்டு சிக்கல் கலந்திருக்கிறது. லதாவை முதலில் எடுப்போம்.

லதா விண்டோஸ் 2000த்தோடு வந்தது. விண்டோஸ் 7இல் விஜயா சேர்ந்தது. விண்டோஸ் 8இலிருந்து தமிழுக்குரிய பொதுவான எழுத்துரு நிர்மலா யூஐ. விண்டோஸ் 10இல் லதாவும் விஜயாவும் எல்லோருக்கும் தானாக வருவதில்லை. அவை ‘தமிழ் சப்ளிமென்ரல் ஃபொன்ட்ஸ்’ என்ற விருப்பத் தெரிவுக்குள் போய்விட்டன. தமிழ் மொழியைச் சேர்த்த கணினியில் இருக்கும், சேர்க்காததில் இராது. மென்பொருள் லதாவைக் கேட்க, விண்டோஸ் சத்தமில்லாமல் வேறொன்றைக் கொடுக்கும். பிழைச் செய்தி எதுவும் வராது. அதனால்தான் இதைக் கண்டுபிடிக்க நாளெடுக்கிறது.

எழுத்துருவே சொல்லாமல் செகோ யூஐயில் விடுவதும் தீர்வல்ல. செகோ யூஐயில் தமிழே கிடையாது. தமிழ் வரும் இடத்தில் விண்டோஸ் நிர்மலாவை இரவல் எடுக்கும், ஆனால் பெட்டியின் உயரம் செகோவை வைத்தே கணிக்கப்பட்டிருக்கும். நீங்கள் சொல்லும் ‘ழு’, ‘ளூ’ வெட்டு இப்படியான இடங்களில்தான் வரும். உயரம் நிலையாகக் கொடுத்த லேபல்களைத் தேடி ஓட்டோசைஸ் ஆக்குங்கள். சோதிக்கும்போது ‘பெயர்’, ‘முகவரி’ என்று போட்டுப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. ‘ஞூ ணூ ழூ ளீ ஸ்ரீ க்ஷௌ’ என்று ஒரு வரியைப் போடுங்கள். மேலேயும் கீழேயும் முழுதாகத் தெரிந்தால் பெட்டி சரி.

நிலையான தீர்வு, எழுத்துருவை மென்பொருளோடு சேர்த்தே அனுப்புவது. நிர்மலாவையோ லதாவையோ கோப்பாக எடுத்து அப்படி அனுப்ப உரிமம் இடந்தராது. திறந்த உரிமத்தில் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன் போன்றவற்றில் ஒன்றை எடுங்கள். பின் மூன்றிலும் ஆங்கிலமும் அதே கோப்பில் இருப்பதால் இரண்டு மொழி கலந்த வரிகள் ஒத்து நிற்கும்.

அனுப்ப இரண்டு வழி. இன்ஸ்டோலர் எழுத்துருவை விண்டோஸில் பதியலாம். கையால் பதிபவர்கள் கவனிக்க: விண்டோஸ் 10இன் பிந்திய பதிப்புகளில் வெறுமனே ‘இன்ஸ்டோல்’ என்றால் அந்த ஒரு பயனருக்கு மட்டும்தான் பதியும். காலை வேலைக்காரரின் கணக்கில் எழுத்துச் சரி, மாலை வேலைக்காரரின் கணக்கில் பிழை என்றால் காரணம் இதுதான். வலப்பொத்தானில் ‘எல்லாப் பயனருக்கும்’ என்பதைத் தெரிய வேண்டும். மற்ற வழி, நிரலிலேயே ‘பிரைவேட் ஃபொன்ட் கலெக்ஷன்’ மூலம் ஏற்றுவது. அந்தக் கலெக்ஷனை மென்பொருள் மூடும் வரைக்கும் உயிரோடு வைத்திருக்க வேண்டும். ஒரு ஃபங்ஷனுக்குள் உருவாக்கி விட்டுவிட்டால், சிறிது நேரத்தில் எழுத்து மாறும் அல்லது மென்பொருள் விழும். நினைவகத்திலிருந்து ஏற்றினால் பொத்தான், லேபல்களில் ‘கொம்பாட்டிபிள் ரெக்ஸ்ட் ரெண்டரிங்’ ஓன் செய்தால்தான் அந்த எழுத்துரு வரும்.

பாமினி வேறு கதை. அதை எழுத்துரு மாற்றித் தீர்க்க முடியாது. பாமினியில் ‘அம்மா’ என்பது உள்ளே எம், கே, செமிக்கோலன், கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். பாமினி எழுத்துரு இருந்தால் தமிழாகத் தெரியும், இல்லாவிட்டால் உண்மை வெளிக்கும். அகரவரிசையும் தேடலும் இப்போதே பிழையாகத்தான் நடந்துகொண்டிருக்கும். தரவையே எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றும் செயலிகள் இணையத்தில் இலவசமாக உண்டு, ஆனால் முழுத் தரவுத்தளத்தையும் அப்படியே கொட்டிவிடாதீர்கள். பற்றுச்சீட்டு இலக்கம், அடையாள அட்டை இலக்கத்தின் கடைசி எழுத்து, மின்னஞ்சல் எல்லாவற்றையும் மாற்றி தமிழெழுத்தாக்கிவிடும். அட்டவணையின் நிரல் (கொலம்) ஒவ்வொன்றாக எடுத்து, தமிழ் மட்டுமே உள்ள நிரல்களை மாற்றுங்கள். மாற்ற முதல் எஸ்கியூஎல் சேர்வர் என்றால் அந்த நிரல் ‘என்வார்சார்’ ஆகவும், மைஎஸ்கியூஎல் என்றால் ‘யூரிஎஃப்8எம்பி4’ ஆகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாம் கேள்விக்குறியாகச் சேமிக்கப்படும், அதிலிருந்து மீள வழியே இல்லை.

கேள்வி (நல்லூர்): ஒரே மொடல் கணினி இரண்டு. ஒன்றில் எழுத்துக் கூர்மை, மற்றதில் எழுத்தைச் சுற்றி நிழல்.

பதில்: மென்பொருளைத் தொடாதீர்கள். திரை அதன் இயல்பான தெளிவுத்திறனில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 1920×1080 திரையை 1366×768இல் வைத்தால் எந்த எழுத்தும் மங்கும். பிறகு கேபிள். வீஜீஏ கேபிளில் நிழல் விழுவது சாதாரணம். மொனிற்றரில் ‘ஓட்டோ அட்ஜஸ்ட்’ அழுத்துங்கள், முடிந்தால் எச்டிஎம்ஐக்கு மாறுங்கள். தொலைக்காட்சியை மொனிற்றராகப் பாவித்தால், அதன் பட அமைப்பில் ‘பீசி’ அல்லது ‘கேம்’ முறைக்கு மாற்றுங்கள். தொலைக்காட்சி நிற விபரத்தைக் குறைத்து எடுப்பதால் சிவப்பு, நீல எழுத்துகளின் ஓரம் கலையும். கடைசியாக, தேடல் பெட்டியில் ‘கிளியர்ரைப்’ (எழுத்தின் ஓரத்தை மென்மையாக்கும் விண்டோஸ் முறை) என்று தேடி அதன் சீராக்கியை ஓட்டுங்கள். ரிமோட் டெஸ்க்டொப்பில் மட்டும் எழுத்துச் சொரசொரப்பாக இருந்தால், இணைப்பின் ‘எக்ஸ்பீரியன்ஸ்’ பக்கத்தில் ‘ஃபொன்ட் ஸ்மூதிங்’ நின்றிருக்கிறது.

கேள்வி (திருநெல்வேலி, மாணவி): தமிழ் இணையத்தளம் ஒன்று செய்கிறேன். என் விண்டோஸ் கணினியிலும் நண்பியின் மக்புக்கிலும் கைபேசியிலும் மூன்று விதமாகத் தெரிகிறது. வரிகள் மடியும் இடம்கூட வேறு. எல்லாவற்றிலும் ஒரே மாதிரி வரவைக்க முடியுமா?

பதில்: வரி மடிவதை ஏறத்தாழ ஒன்றாக்கலாம். எழுத்தின் தடிப்பை ஒன்றாக்க முடியாது, அதற்காக மெனக்கெடவும் வேண்டாம்.

இப்போது உங்கள் தளம் அந்தந்தக் கணினியின் எழுத்துருவை எடுக்கிறது. விண்டோஸில் நிர்மலா, அன்ட்ரொயிட்டில் நோட்டோ, மக்கில் தமிழ் சங்கம் அல்லது மலேசியாவின் முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி. இவற்றின் எழுத்தகலம் வேறு வேறு, ஆகவே வரியும் வேறு வேறு இடத்தில் மடியும். ஓர் எழுத்துருவை வோஃப்2 கோப்பாக உங்கள் சேர்வரிலேயே வைத்து, சீஎஸ்எஸ்ஸில் ‘ஃபொன்ட்-ஃபேஸ்’ மூலம் கொடுங்கள். தமிழுக்கு மட்டும் வெட்டிய கோப்பு சில பத்துக் கிலோபைட்தான். சாதாரண எடை 400, தடித்தது 700 ஆகிய இரண்டையும் கொடுங்கள். 700 கோப்பைக் கொடுக்காவிட்டால் உலாவி 400ஐத் தானே வீங்கச் செய்து போலித் தடிப்பு ஒன்றைத் தரும். ‘ண’, ‘ஞ’ போன்ற எழுத்துகளின் சுழி அதில் அடைபட்டுப் போகும்.

எந்தக் குறிகளுக்கு அந்த எழுத்துருவைப் பாவிப்பது என்று சொல்லும் ‘யூனிகோட்-ரேஞ்ச்’ கொடுப்பவர்கள் தமிழ்ப் பகுதியை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துவது பொதுவான பிழை. கண்ணுக்குத் தெரியாத சீரோ-விட்த் ஜொயினர், நொன்-ஜொயினர் இரண்டும் தமிழ்ப் பகுதிக்கு வெளியே இருக்கின்றன. அவற்றைச் சேர்க்காவிட்டால், ‘க்‌ஷ’ போல அந்தக் குறி நடுவில் வரும் இடத்தில் உலாவி வேறு எழுத்துருவுக்குத் தாவக்கூடும்; சொல் இரண்டு பாணியில் உடையும்.

கோப்பு வந்துசேரும் வரை கணினியின் சொந்த எழுத்துரு தெரியும், வந்ததும் பக்கம் துள்ளும். இதைக் குறைக்க மாற்று எழுத்துருவுக்கும் ஒரு ‘ஃபொன்ட்-ஃபேஸ்’ எழுதி அதில் ‘சைஸ்-அட்ஜஸ்ட்’ கொடுங்கள். ஒரே பந்தியின் முதல் வரியை இரண்டு எழுத்துருவிலும் அளந்து பாருங்கள். உங்கள் எழுத்துருவில் 480 பிக்சல், நிர்மலாவில் 500 பிக்சல் என்றால் மதிப்பு 96 வீதம்.

வரி உயரத்தை அலகு இல்லாமல் 1.6 அல்லது 1.7 என்று எழுதுங்கள். கொடுக்காவிட்டால் உலாவி எழுத்துருக் கோப்புக்குள் உள்ள உயரக் கணக்கை எடுக்கும். அந்தக் கோப்பில் விண்டோஸுக்கு ஒன்று, மக்குக்கு ஒன்று என்று தனித்தனி எண்கள் இருக்கலாம், இரண்டும் ஒத்துப்போகாத எழுத்துருக்கள் நிறைய. ஆங்கிலத் தளங்களில் பார்த்து 1.2 போடுபவர்களின் தமிழில் மேல்வரியின் ‘ழூ’வும் கீழ்வரியின் ‘கீ’யும் முட்டும். எழுத்தளவை, பக்கத்தின் அடிப்படை எழுத்தளவை வைத்துக் கணிக்கும் ‘ரெம்’ அலகில் வையுங்கள். உலாவியில் எழுத்தைப் பெருப்பித்து வைத்திருக்கும் வயதானவர்களின் அமைப்பு அப்போதுதான் மதிக்கப்படும். தமிழுக்கு ‘லெற்றர்-ஸ்பேசிங்’ வேண்டாம். வரும் பிழைகளோடு பார்த்தால் அதனால் கிடைக்கும் அழகு பெரிதல்ல.

மக்கில் எழுத்துத் தடிப்பாகத் தெரிவதற்குக் காரணம் அப்பிள் நிறுவனத்தின் தீட்டும் முறை. 2018இல் வந்த மொஹாவி என்ற மக் இயங்குதளப் பதிப்பிலிருந்து அப்பிள், பிக்சலின் சிவப்பு, பச்சை, நீலக் கூறுகளைக் கொண்டு எழுத்தின் ஓரத்தைத் தீட்டும் துணைப்பிக்சல் மென்மையாக்கலைக் கைவிட்டுவிட்டது, விண்டோஸ் கிளியர்ரைப்பைத் தொடர்கிறது. ‘ஃபொன்ட்-ஸ்மூதிங்’ என்று ஒரு சீஎஸ்எஸ் வரி எங்கும் பரிந்துரைக்கப்படுகிறது. அது மக்கில் மட்டும் வேலை செய்வது, விண்டோஸில் எதுவும் மாறாது.

கேள்வி (சுன்னாகம்): பலசரக்குக் கடைக்குப் பில் அடிக்கும் மென்பொருள். 80 மில்லிமீற்றர் தேர்மல் பிறின்ரர். தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறியாக வருவதால் பில்லைப் படமாக வரைந்து அனுப்புகிறோம். ஒரு கணினியில் பில் சரி, இன்னொன்றில் எழுத்துப் பெரிதாகி விலை நிரல் தாளுக்கு வெளியே போகிறது. பிறின்ரர் ஒன்றுதான்.

பதில்: படமாக அனுப்புவது சரியான வழி. கோளாறு திரையின் ஸ்கேலிங்கிலிருந்து வருகிறது. சீ ஷார்ப்பில் புதிதாக ஒரு பிட்மப் உருவாக்கினால் அது அந்தக் கணினித் திரையின் டிபிஐயை எடுத்துக்கொள்ளும். 125 வீதக் கணினியில் அது 120 ஆகிறது. அதில் பொயின்றில் எழுத்து வரைந்தால் எழுத்தும் கால்மடங்கு பெருக்கும். பிட்மப்பை உருவாக்கியவுடன் ‘செற்ரெசலூஷன்’ மூலம் 203, 203 என்று வைத்துவிடுங்கள். அதைவிட நல்லது, எழுத்துருவையே பிக்சல் அலகில் உருவாக்குவது. அப்போது திரைக்கும் பில்லுக்கும் தொடர்பே இல்லை.

உங்கள் பிறின்ரரின் கணக்கு இது. 203 டிபிஐ என்றால் மில்லிமீற்றருக்கு 8 புள்ளி. 80 மில்லிமீற்றர் தாளில் அச்சாகும் அகலம் பொதுவாக 72 மில்லிமீற்றர், அதாவது 576 புள்ளி. 58 மில்லிமீற்றர் தாளில் 384 புள்ளி. பிட்மப்பின் அகலம் சரியாக 576 இருக்கட்டும். கூடினால் சில பிறின்ரர்கள் வெட்டும், சில குப்பை எழுத்துகளை அடிக்கும். பொருளின் பெயருக்கு 24 புள்ளி உயர எழுத்து வையுங்கள், அது கிட்டத்தட்ட 8.5 பொயின்ற். 20க்குக் கீழே போனால் தமிழின் சுழிகள் கறுப்பாக அடைபடும். தடித்த எழுத்தில் இன்னும் மோசம். தேர்மல் தலைக்குக் கறுப்பும் வெள்ளையும் மட்டும்தான் தெரியும், சாம்பல் தெரியாது. ஆகவே எழுத்து மென்மையாக்கலை நிறுத்தி, ‘சிங்கிள் பிட் பெர் பிக்சல் கிரிட்ஃபிற்’ முறையில் வரையுங்கள். விலை நிரலை இடைவெளி அடித்து ஒதுக்காமல், எண்ணின் அகலத்தை அளந்து 576இலிருந்து கழித்து வரையுங்கள்.

கேள்வி (மானிப்பாய்): லினக்ஸ் சேர்வரில் பிடிஎஃப் உருவாக்குகிறோம். முதலில் தமிழ் எல்லாம் பெட்டி பெட்டியாக வந்தது. எழுத்துரு போட்டதும் பெட்டி போய்விட்டது, ஆனால் ‘கொடி’ என்று எழுதினால் கொம்பு ‘க’வுக்குப் பின்னால் வருகிறது.

பதில்: பெட்டி என்றால் எழுத்துரு இல்லை; கொம்பு இடம்மாறினால் எழுத்துரு இருக்கிறது, எழுத்தைக் கோக்கும் எஞ்சின் இல்லை. யூனிகோடில் ‘கொ’ என்பது ‘க’வும் அதைத் தொடரும் உயிர்க்குறியும். திரையில் அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து முன்னும் பின்னும் போடுவது ஹார்ஃப்பஸ் போன்ற எஞ்சினின் வேலை. பல எளிய பிடிஎஃப் நூலகங்களில் அது இல்லை. எந்த எழுத்துருவைப் போட்டாலும் அவற்றில் சரிவராது. பிஎச்பி என்றால் எம்பிடிஎஃப் பாவித்து, அந்த எழுத்துருவுக்கு ‘யூஸ்ஓரிஎல்’ அமைப்பை ஓன் செய்யுங்கள். இல்லாவிட்டால் பக்கத்தை எச்ரிஎம்எல்லாக ஆக்கி, திரையில்லா குரோமியம் மூலம் பிடிஎஃப் எடுங்கள். எங்கள் தெரிவு இரண்டாவது. திரையில் பார்த்ததுதான் தாளிலும் வரும். பைத்தனில் பில்லோவால் படம் வரைபவர்களுக்கும் இதே கோளாறு வரும், அங்கே தீர்வு ‘ரக்ம்’ நூலகத்தோடு நிறுவுவது.

டெபியன், உபுண்டுவில் ‘ஃபொன்ட்ஸ்-நோட்டோ-கோர்’ பொதியில் தமிழ் உண்டு. டொக்கர் (மென்பொருளைத் தேவையான எல்லாவற்றோடும் ஒரே பொதியாக ஓட்டும் கருவி) பாவித்தால் அதைக் கையால் உள்ளே போய் நிறுவாமல் டொக்கர் கோப்பிலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தரம் கட்டும்போது பெட்டிகள் திரும்பி வரும்.

கேள்வி (வல்வெட்டித்துறை): சோதிப்பதற்கு எங்களிடம் விதம்விதமான திரைகள் இல்லை. இருக்கிற ஒரு கணினியில் எப்படிப் பரிசோதிப்பது?

பதில்: ஒரு திரை போதும். டிஸ்பிளே அமைப்பில் ஸ்கேலிங்கை 100, 125, 150 என்று மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும். உள்நுழையாமல் பார்த்தால், பழைய ஸ்கேலிங்கோடு தொடங்கிய மென்பொருள் மங்கித் தெரியும். அதைப் பிழை என்று எண்ணி ஒரு பகல் வீணாகும். இணையத்தளத்துக்கு குரோமின் டெவலப்பர் கருவியில் பிக்சல் விகிதத்தை 1, 1.25, 2, 3 என்று மாற்றலாம்.

எழுத்துருவைச் சோதிக்க உங்கள் கணினி உதவாது. அதில் தேவையான எல்லாமே ஏற்கெனவே பதிந்திருக்கும். ஒரு வேர்சுவல் மெஷினில் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) விண்டோஸை ஆங்கிலத்தில் மட்டும் நிறுவி, ஒரு தமிழ் எழுத்துருவும் கூடுதலாகப் பதியாமல், உங்கள் இன்ஸ்டோலரை அதில் ஓட்டுங்கள். நிறுவியவுடன் அந்த நிலையை ‘ஸ்னப்ஷொட்’ ஆக வைத்துக்கொண்டால் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் சுத்தமான கணினி தயார். திரையைப் படமெடுத்து (ஸ்கிரீன்ஷொட்) ஒப்பிட்டுத் தானாகச் சோதிப்பவர்கள், பழைய படமும் புதிய படமும் ஒரே டொக்கர் உருவிலிருந்து எடுத்தவையா என்று பாருங்கள். விண்டோஸில் எடுத்ததை லினக்ஸில் எடுத்ததோடு ஒப்பிட்டால், ஒரு வரி நிரலும் மாறாமலே ஒவ்வொரு எழுத்தின் ஓரத்திலும் வித்தியாசம் காட்டும்.